வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் அமைதியான தண்ணீர்

1

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வாணியம்பாடிக்கு வந்திருந்தேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தியின் அக்கா, என் வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை மாட்டியிருந்த தோல் நிற உறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"இவங்கதான் பெங்களூருல படகு ஓட்டுறாங்களாம். கைக்கு உறையெல்லாம் போட்டுக்கிட்டு. வசதி வந்துட்டா என்னென்னவோ தோணும்."

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

படகு ஓட்டியது உண்மைதான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் பெங்களூரில் எத்தனை இடத்தில் நின்றேன், யார் யாரிடம் என்னென்ன கேட்டுக்கொண்டேன் என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. ஊரில் இருக்கும் உங்களுக்கும் தெரிய வழியில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2

கல்யாணமாகி பெங்களூரு வந்தவள் நான். ஜீவனஹள்ளியில் வீடு. என் கணவர் ரவி மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆட்டோக்காரரோடு சண்டை என்றால் உருது. நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள் நிவேதா, கல்லூரியில் கடைசி வருஷம்.

எனக்கு மார்பில் கட்டி வந்ததும் அறுவை சிகிச்சை நடந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். அப்போது போனில் அழுதவர்களும் உண்டு. அறுவையில் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ, கதிர்ச் சிகிச்சை. எல்லாம் முடிந்து சரியாக ஒரு வருஷம் ஆன அன்று, கோயிலுக்குப் போகலாம் என்று புடவை கட்டினேன். ரவிக்கையின் வலது கை ஏறவில்லை. முழங்கைக்கு மேலே வந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. முந்தின தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை. கண்ணாடியில் பார்த்தால் வலது கை வேறு யாருடையதோ போல இருந்தது.

நிணநீர் வடிய வழியில்லாமல் கையில் தேங்கிவிடுமாம். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வந்தால் முழுக்கப் போகாது என்றார்கள். அன்று கோயிலுக்குப் போகவில்லை. ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாடவும் இல்லை.

பிசியோதெரபி பார்க்கிற பெண்மணி நிறைய பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். கை உறையும் அவர் எழுதிக்கொடுத்ததுதான். ஒரு நாள் அவர், "கயாக் ட்ரை பண்ணிப் பாருங்களேன் மேடம். துடுப்பு போடுற மூவ்மெண்ட் தோளுக்கு ரொம்ப நல்லது. மெதுவா ஆரம்பிக்கணும், உறையோட. கை கனத்தா உடனே நிறுத்திடணும்" என்றார். கயாக் என்றால் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரண்டு முனையும் தட்டையாக உள்ள துடுப்பால் மாற்றி மாற்றித் தள்ளிப் போகிற ஒடுக்கமான படகு. டிவியில் பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் அருவியில் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது.

"அது இல்ல மேடம். அசையாத தண்ணி. காத்து இருக்கக் கூடாது, இழுப்பு இருக்கக் கூடாது, மோட்டார் படகு ஓடக் கூடாது. முக்கியமா தண்ணி சுத்தமா இருக்கணும். இந்தக் கையில ஒரு சின்னக் கீறல் பட்டு அழுக்குத் தண்ணி உள்ள போனா கை முழுக்கப் பழுத்துடும், ஆஸ்பத்திரில படுக்கணும். வீட்டுக்குப் பக்கத்துல நல்ல இடமாப் பாருங்க."

வீட்டுக்குப் பக்கத்தில். பெங்களூரில். சுத்தமான, அசையாத தண்ணீர். அவர் சொன்னபோது எனக்கும் அது எளிதாகத்தான் தோன்றியது. ஏரிகளின் ஊர் என்றுதானே இதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்தவள் என்று சொன்னால் இங்கே எல்லோரும் எனக்கு நீச்சல் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாலாற்றைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். நான் பள்ளிக்குப் போன காலத்தில் அது நாங்கள் செருப்போடு குறுக்கே நடந்து போகிற மணல்வெளி. எப்போதாவது தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்க்கும். அந்தத் தண்ணீரில் யாரும் கை நனைத்ததில்லை. ஆக, நாற்பத்தேழு வயதில் நீச்சல் தெரியாமல், ஒரு கை வீங்கிப்போய், தண்ணீரைத் தேடிப் புறப்பட்டேன்.

ரவிக்குத் துளியும் விருப்பமில்லை. "பேடா கலா, இதெல்லாம் நமக்கு பேடா. ஆன வரைக்கும் ஆச்சு. வீட்ல குந்திக்கினு பந்தை அமுக்கு, போதும்" என்றார். பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம். ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்குவதும் ஒரு பயிற்சிதான். அந்தப் பந்தை ஒரு நாள் நான் ஜன்னல் வழியாக வெளியே எறிந்திருக்கிறேன்.

3

எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்திலேயே ஒரு ஏரி இருக்கிறது. பெயர் வேண்டாம். இந்த ஊரில் முக்கால்வாசி ஏரிகளுக்கு இதே கதைதான். ஒரு சனிக்கிழமை காலை போனேன். சுற்றிலும் கம்பி வேலி, நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், பெஞ்சுகள். தண்ணீரைப் பார்த்தபடி நடக்கலாம், உட்காரலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுக்கலாம். தண்ணீரில் இறங்க மட்டும் எங்கும் வழி இல்லை. இருந்த ஒரே வழியில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"படகு உண்டா?" என்று கன்னடத்தில் கேட்டேன். என் கன்னடத்தைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறினார். இங்கே எனக்கு எப்போதும் நடப்பது இது.

"முன்ன இருந்துச்சு மா. மிதிக்கிற படகு. இப்ப இல்ல."

"நானே ஒரு படகு கொண்டுவந்தா?"

அவர் என்னையும், கை உறையையும், ஏரியையும் வரிசையாகப் பார்த்தார். "எதுக்கு?"

காரணத்தைச் சொன்னேன். பாவம், நல்ல மனிதர். எழுந்து நின்று, "இந்தத் தண்ணியிலயா இறங்கப் போற? அந்தப் பக்கம் பாரு" என்று கை காட்டினார். ஒரு குழாயிலிருந்து கறுப்பாக ஏதோ வந்து ஏரியில் கலந்துகொண்டிருந்தது. "மழைத்தண்ணி வர்றதுக்கு வெச்ச குழா மா அது. மழை இல்லாதப்பவும் வரும்."

பொம்மசந்திரா போகிற எங்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்தும் ஒரு ஏரி தெரியும். தூரத்தில் பார்க்க வெள்ளையாக, பனி மூடின மாதிரி அழகாக இருக்கும். அது சோப்பு நுரை. காற்று அடித்தால் ரோட்டுக்கு வரும். பஸ்ஸில் எல்லோரும் கேட்காமலே ஜன்னலை மூடுவார்கள்.

4

ஆனாலும் விடவில்லை. நகரத்துக்கு வெளியே தண்ணீர் நன்றாக இருக்கிற ஒரு ஏரியைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அங்கே காலையில் சிலர் படகு போடுகிறார்களாம், ஆனால் அனுமதி வாங்கச் சொல்லித் துரத்துகிறார்களாம். சரி, அனுமதியையே வாங்கிவிடலாம் என்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன்.

போகுமுன் போனில் தேடி, துடுப்புக்குக் கன்னடத்தில் 'ஹுட்டு' என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். ரவியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடி 'பேடா' என்பார்.

வரிசையில் நின்று என் முறை வந்ததும், மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். ஹுட்டு போட எனக்கு அனுமதி வேண்டும் என்றேன்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் நிமிராமலே கேட்டார். "ஹுட்டித்து எல்லி?"

எங்கே பிறந்தது என்று கேட்கிறார். நான் எங்கே பிறந்தேன் என்று எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. தமிழ்க்காரி என்று பேச்சில் கண்டுபிடித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் விறைப்பாகவே, "வாணியம்பாடி" என்றேன்.

"தமிழ்நாடா? அப்படின்னா அங்கதான் வாங்கணும். இங்க குடுக்க முடியாது. அடுத்தது யாரு?"

எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்தான் விளக்கினாள். கன்னடத்தில் ஹுட்டு என்றால் பிறப்பும்தான். அது பிறப்புச் சான்றிதழ் ஜன்னல். தண்ணீர், படகு என்று சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அந்த வரிசையின் முன்னால் நின்று, இரண்டு கையாலும் காற்றில் துடுப்புப் போட்டுக் காட்டினேன். வரிசை முழுக்கச் சிரித்தது. ஜன்னலில் இருந்தவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கை வலித்தது.

ஏரி விஷயத்துக்கு மாடியில் வேறு அறை. அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். மீன் பிடிக்க விதி இருக்கிறது, பிள்ளையார் கரைக்க விதி இருக்கிறது. சும்மா ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டு போக விதி இல்லை. விதி இல்லாததற்கு அனுமதி எப்படிக் கொடுப்பது என்று அவர் என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆபீசுக்குத் திரும்பிப் போய் மீதி அரை நாள் மற்றவர்களுக்கெல்லாம் சம்பளம் போட்டேன்.

5

நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நண்பர்களோடு கன்னடம். போனில் அவள் கன்னடத்தில் சிரித்துப் பேசுவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண் போல இருக்கும். நான் உடம்பு சரியில்லாமல் கிடந்த மாதங்களில் அவள் இன்னும் விலகிப் போனதாகவே எனக்குப் பட்டது. காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். மாலையில் வந்து, கதவு நிலையில் நின்று, "யூ ஓகே மா?" என்பாள். ஓகே என்பேன். பாட்டுக் கேட்கிற அந்த வெள்ளைக் குமிழ்களைக் காதில் செருகிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். கட்டிலில் வந்து பக்கத்தில் உட்கார மாட்டாளா என்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். உங்கள் வீடுகளில் பிள்ளைகள் எப்படியோ தெரியாது. இங்கே நாம் பெற்றதைப் பள்ளிக்கூடம் வளர்க்க, ஊர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்று அப்போது நினைத்தேன்.

அந்த அரசு அலுவலகத்துக் கதையைச் சாப்பிடும்போது ரவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிவேதா காதில் குமிழோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் கழித்து என் போனுக்கு ஒரு இணைப்பு அனுப்பினாள். கனகபுரா ரோட்டில் நகரத்தைத் தாண்டிப் போனால் ஒரு சின்ன அணை, அதன் ஒதுக்குப்புறத்தில் புதியவர்களுக்குக் கயாக் கற்றுக்கொடுக்கிறார்கள். கீழே ஒரே வரி, ஆங்கிலத்தில். தண்ணீர் சுத்தம், அம்மா, விசாரித்துவிட்டேன்.

பயிற்சி கொடுப்பவர் பெயர் மஞ்சு. பெண் பயிற்சியாளர், நிம்மதி என்று நினைத்து, 'மேடம்' போட்டு நீளமாகச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு வந்த குரல் கட்டைக் குரல். இங்கே மஞ்சு என்பது ஆண்பிள்ளைப் பெயர் என்பது இத்தனை வருஷம் கழித்தும் நேரத்துக்கு நினைவு வரவில்லை.

பதிவுசெய்ய ஒரு மருத்துவச் சான்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றாட வேலைகள் செய்யலாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். கயாக் என்று இருந்தால்தான் செல்லும் என்று மஞ்சுவின் ஆபீசிலிருந்து பதில். மறுபடி போனேன். அறுவை செய்த டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். புதியவர் என் பழைய தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு, மெதுவான துடுப்புப் பயிற்சி செய்யலாம், உறையோடு, மேற்பார்வையில், என்று எழுதினார். அதைப் படமெடுத்து அனுப்பியதற்கு ஒரு கட்டை விரல் படம் வந்தது. எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே கிளம்பினோம். வெயில் ஏறினால் காற்று வந்துவிடும், காற்று வந்தால் புதியவர்களைத் தண்ணீரில் விட மாட்டார்கள். ரவிதான் வண்டி ஓட்டினார். பனசங்கரி தாண்டும்வரை அப்படியும் இப்படியும் தோண்டிப்போட்ட ரோடுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த வேளையிலும் இந்த ஊரில் நெரிசல் இருக்கிறது. நம் ஊரிலிருந்து ரயிலில் பெங்களூரு வருகிற நேரத்தில் பாதிக்கு மேல், சுத்தமான தண்ணீரைப் போய்ப் பார்க்க மட்டுமே ஆனது.

ஆனால் தண்ணீர் இருந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவில், ஒரு சுருக்கம் இல்லாமல். கரையோரம் மணலும் சின்னக் கற்களும் உள்ளே தெரிந்தன. எனக்கு முதலில் அதைக் கையில் அள்ள வேண்டும் போல இருந்தது.

மஞ்சு முப்பத்தைந்து வயதுக்காரர், வெயிலில் கறுத்த முகம். வந்தவர்களுக்கெல்லாம் மிதவைச் சட்டை கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி, கைக்கு என்னா?"

சொன்னேன். சான்று அனுப்பியதையும் சொன்னேன். அது ஆபீசில் இருப்பவர்கள் பார்ப்பது, தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். நீச்சல் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அவர் முகம் மாறியது.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. நடுவுல கை விட்டுப்போச்சுன்னா யாரு பொறுப்பு? ஒண்ணு பண்ணலாம். நீங்க என் படகுல சும்மா குந்திக்கோங்க. நான் ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போறேன். துடுப்பு வேணா. நல்லா போட்டோ எடுக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அத்தனை அலைச்சலுக்கும் பிறகு சும்மா உட்கார்ந்து வா என்கிறார். திரும்பி வண்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

பின்னால் நிவேதாவின் குரல் கேட்டது. மஞ்சுவிடம் பேசிக்கொண்டிருந்தாள். கன்னடத்தில். எனக்குக் கன்னடம் பேச வராதே தவிர, கேட்டால் எல்லாம் புரியும். அது அவளுக்குத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்க கையை மட்டும் பார்க்கறீங்க சார். கீமோ நடந்தப்போ தினமும் அம்மா எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நான் எழுந்துப்பேன். பாத்ரூம்ல, தலகாணியில, சீப்புல விழுந்திருக்கிற முடியையெல்லாம் பொறுக்கிக் காகிதத்துல சுத்திக்குவேன். வீட்டுக் கூடையில போட்டா அவங்க பார்த்துடுவாங்கன்னு பையில வெச்சு எடுத்துட்டுப் போய் காலேஜ்கிட்ட போடுவேன். நைட்டு அவங்க தூங்கிட்டாங்களான்னு கதவுகிட்ட நின்னு மூச்சு விடறதைப் பார்த்துட்டுத்தான் நான் தூங்குவேன். கிட்ட போய் உக்காந்தா நான் அழுதுடுவேன், அதான் போகல. ரெண்டு வருஷமா எல்லாரும் அவங்களைக் கூட்டிட்டுத்தான் போறோம். ஆஸ்பத்திரிக்கு, ஸ்கேனுக்கு, கட்டிலுக்கு. இன்னைக்கு அவங்க தானா போகணும்னு வந்திருக்காங்க. நீங்களும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். திரும்பவில்லை. என் முடி கொட்டியபோது, மற்றவர்கள் சொன்ன அளவுக்கு நமக்கு விழவில்லையே, வீடு சுத்தமாக இருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டவள் நான். ஒரு நாள் தலையைத் தடவிப் பார்த்தால் திடீரென்று ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. அப்போதுகூடத் தோன்றவில்லை.

ரவி எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அவரும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, நேராகத் தண்ணீருக்குள் இறங்கினார். மடித்தது வீண். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இந்த ஊர் வழக்கப்படி 'குரு' போட்டு மஞ்சுவைக் கூப்பிட்டார்.

"குரு, நான் இங்கயே நிக்கிறேன். எனக்கு நீச்சல் வரும். அல்சூர்ல கத்துக்கினது. என்னைத் தாண்டி அவ போகமாட்டா. போதுமா?"

மஞ்சு ஒத்துக்கொண்டார். இரட்டை இருக்கைப் படகு, பின்னால் மகள், இந்த ஒதுக்கத்தை விட்டு வெளியே போகக் கூடாது, நான் பக்கத்திலேயே வருவேன், விசில் அடித்தால் திரும்பிவிட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் நிவேதா தலையை ஆட்டினாள்.

நான் முன்னால், அவள் பின்னால். முன்னால் இருப்பவரின் தாளம்தான் கணக்கு, பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போட வேண்டும், யாரும் சட்டென்று திரும்பக் கூடாது, திரும்பினால் படகு சாயும் என்று மஞ்சு சொல்லிக்கொடுத்தார். தள்ளிவிட்டதும் நாங்கள் செய்த முதல் காரியம் துடுப்போடு துடுப்பு மோதியது. அடுத்து, நின்ற இடத்திலேயே வட்டமடித்தோம்.

"லெஃப்ட் மா, லெஃப்ட். நோ, யுவர் அதர் லெஃப்ட்."

"எனக்கு இருக்கறது ஒரு லெஃப்ட்தான்டி."

"தென் யூஸ் இட் மா."

மூன்றாவது வட்டத்தில் எனக்கு அழுகை எல்லாம் போய்க் கோபம் வந்துவிட்டது. அவளுக்கும்தான். "நீ ஏன் தண்ணிய வெட்டற? தள்ளு, வெட்டாத" என்று கத்தினாள். தமிழில் கத்தினாள். பிறகு தன்னையறியாமல் கன்னடத்துக்கு மாறி எண்ணத் தொடங்கினாள். எட, பல. எட, பல. இடது, வலது. அவள் சின்ன வயதில் இங்கே பள்ளிக்கூடத்து மைதானத்தில் அணிவகுப்பு நடக்கக் கற்றுக்கொண்ட எண்ணிக்கை அது. எட, பல. என் கைகள் அதற்குப் பழகின. படகு நேராகப் போனது.

தண்ணீர் துடுப்பிலிருந்து வழிந்து என் கை உறையை நனைத்தது. குளிர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், கையின் கனத்தை நான் மறந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் எண்ணுவது நின்றிருந்தது. துடுப்பு மட்டும் என் தாளத்துக்குச் சரியாக விழுந்துகொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல அப்படி இருந்தது எனக்கு. திரும்பவில்லை. படகு சாய்ந்துவிடும். அதனால் துடுப்பை இன்னும் மெதுவாகப் போட்டேன், அவளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று.

அவ்வளவுதான். குன்றின்மேல் மரங்கள் காற்றில் அசைந்தன, தண்ணீரில் சுருக்கம் விழுந்தது, விசில் கேட்டது. ரவி தண்ணீரில் நடந்துவந்து படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலமாகிவிட்டிருந்தது. "ஆச்சா?" என்று மட்டும் கேட்டார்.

7

அடுத்த வாரம் பிசியோதெரபியில் கையை அளந்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் தோள் கொஞ்சம் சுலபமாக எழுகிறது என்றார் அந்தப் பெண்மணி. "ரொம்ப நல்லது மேடம். வாரம் ஒரு தடவை போங்க."

வாரம் ஒரு தடவை. மஞ்சுவுக்குப் போன் போட்டால், அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது, கரையெல்லாம் சேறு, மழை வந்த பிறகு சொல்கிறேன் என்றார். மழை வந்தால் அணையைத் திறப்பார்கள், அப்போதும் விட மாட்டார்கள் என்று நிவேதா சொன்னாள். வேறு இரண்டு இடங்கள் பார்த்தாள். ஒன்று போக மட்டும் நாலு மணி நேரம். இன்னொன்றில் மோட்டார் படகு ஓடுகிறது. வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் கறுப்புத் தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நடைபாதைக்கு மட்டும் புதிதாகச் சிவப்புக் கல் பதித்திருக்கிறார்கள்.

இதைத்தான் அந்த அக்கா வசதி என்றார்.

இப்போது தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போகிறேன். நிவேதாவின் யோசனை. இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, தரை துடைக்கிற மாப்பின் குச்சியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள், அவளுக்கு ஒட்டடைக் குச்சி. அசைவு அதே அசைவுதான் என்று பிசியோதெரபியிலும் ஒத்துக்கொண்டார்கள். உறைக்குள் கை வேகிறது. எதிர் மாடியில் துணி எடுக்க வருகிறவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஒரு நாள் ஒருவர் போனில் படம்கூட எடுத்தார். சிமெண்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு எங்கும் போகாமல் துடுப்புப் போடுவது எத்தனை எரிச்சலான காரியம் என்று உங்களுக்கு எழுத்தில் புரியவைக்க முடியாது.

முந்தாநாள் கல்லூரியிலிருந்து வந்ததும் அவள் மேலே வந்தாள். வழக்கம்போல் பின்னால் இருந்த முக்காலியில் உட்காரப் போனாள்.

"நீ முன்னாடி உக்காரு" என்றேன்.

"வொய்?"

"சும்மா. இன்னைக்கு நான் பின்னாடி."

அவள் காதிலிருந்து குமிழ்களை எடுத்துப் பையில் போட்டாள். முன்னால் வந்து உட்கார்ந்து, குச்சியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முதுகு இத்தனை அகலமாகிவிட்டதை நான் கவனித்ததே இல்லை. ரொம்ப வேகமாகப் போட்டாள். எனக்கு எட்டவில்லை, ஆனால் சொல்லவில்லை. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அவளே வேகத்தைக் குறைத்தாள்.

"மா, வரியா?" என்றாள், திரும்பாமல்.

"வரேன்" என்றேன்.